ஈரக்கையோடு கேட்க முடியாது

குழாயை மூடியாயிற்று, நுரை போயாயிற்று, இனி அந்த ஆளிடம் கேட்டுவிட வேண்டியதுதான் என்று தலையை நிமிர்த்தியபோதுதான் கனிராஜுக்குத் தன் இரண்டு கையிலும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருப்பது உறைத்தது. சொட்டச் சொட்ட நின்றுகொண்டு ஒருத்தனிடம் போய், என் பெண்டாட்டிக்கும் உனக்கும் என்னய்யா என்று கேட்க முடியுமா? கேட்கிற கேள்விக்கு ஒரு மரியாதை வேண்டாமா? விரலை நீட்டிக் கேட்க வேண்டிய கேள்வி அது. நீட்டினால் அவன் சட்டையில் தெறிக்கும், தெறித்தால் முதலில் ஸாரி சொல்ல வேண்டி வரும், ஸாரியில் ஆரம்பித்த சண்டை எந்த ஊரில் உருப்பட்டிருக்கிறது? அந்த ஆள், டாக்டர் இளம்பரிதி, இரண்டு வாஷ்பேசின் தள்ளி நின்று சாவகாசமாக விரல் விரலாகச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தான். அவசரமே இல்லை மனுஷனுக்கு. ஆஸ்பத்திரி ஆண்டு விழாவுக்காக சிவகாசியிலிருந்து மூன்று பஸ் வைத்து எல்லோரையும் மதுரையில் ஒரு மண்டபத்துக்குக் கூட்டிவந்திருக்கிறார்கள், குடும்பத்தோடு வரச் சொன்னதால் கனிராஜும் ஞாயிற்றுக்கிழமை அச்சுப் பிரஸ் லீவை இதற்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான், மேடையில் அவன் பெண்டாட்டி, நர்ஸ் வடிவுக்கு விருது கொடுத்துக் கைதட்டி முடித்து இப்போது சாப்பாடு ஓடிக்கொண்டிருக்கிறது. பாதி இலையில் இந்த டாக்டர் எழுந்து கை கழுவ வந்ததைப் பார்த்துவிட்டு, பாயசத்தையும் விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தவன் கனிராஜ். பாயசத்தை விட்டுவிட்டு வந்தவன் சும்மா திரும்பக் கூடாது.

சரி, துடைப்போம். எதில் துடைப்பது? பேண்டில் துடைக்கலாம், ஊரில் பாதிப்பேர் அதைத்தான் செய்கிறார்கள், ஆனால் இது வடிவு எடுத்துக் கொடுத்த சந்தனக் கலர் பேண்ட், இரண்டு கைத் தடமும் அப்படியே தெரியும், தெரியக்கூடாத இடத்தில் தெரியும். பாக்கெட்டில் கர்ச்சீப் இருக்கிறது. காலையிலிருந்து பஸ்ஸில் வேர்வை துடைத்த கர்ச்சீப், அதை எடுத்தால் வடிவின் குரல் கூடவே வருகிறது, ‘நாள் முழுக்கப் பாக்கெட்டுல வேகுற துணிங்க அது, அதுல துடைக்கிறதுக்குக் கழுவாமலே வந்திருக்கலாம்’. சுவரில் ஒரு வளையத்தில் வெள்ளைத் துண்டு தொங்குகிறது, காலையிலிருந்து எத்தனை கைகளைப் பார்த்ததோ, ஓரமெல்லாம் நசநசவென்று கிடக்கிறது, ‘ஊர்க்கை பட்ட துண்டு, தொட்டீங்கன்னா கழுவுன புண்ணியம் போச்சு’. கையை உதறிக் காய வைக்கலாமென்றால், ‘உதறுனா கிருமி என்ன செத்தா போகும், பக்கத்துல நிக்கிறவர் மேல ஏறிக்கும்’. கதவோரம் காற்றடிக்கிற மெஷின் ஒன்று இருக்கிறது, கையை உள்ளே விட்டால் உறுமுகிறது, அதற்கும் ஒன்று வைத்திருக்கிறாள். எட்டு மாதமாக வீட்டில் இதுதான். வார்டிலிருந்து அவளை எடுத்து, ஆஸ்பத்திரி முழுக்கக் கிருமி பரவாமல் பார்த்துக்கொள்ளும் நர்ஸாகப் போட்ட நாள் முதல் கனிராஜின் கை அவன் கையாக இல்லை. ஈரக் கைதாங்க கிருமிக்கு பஸ்ஸு, காஞ்ச கையில அது ஏறாது என்பாள். நல்ல பேச்சுதான், ரசிக்கத்தான் செய்தான், முதல் இரண்டு மாதம். அப்புறம்தான் கவனித்தான், இப்படி ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு ‘டாக்டர் சொன்னாரு’ இருந்தது. டாக்டர் சொன்னாரு, துண்டை தினம் மாத்தணுமாம். டாக்டர் சொன்னாரு, ஈரக்கையோட கதவைத் தொடக் கூடாதாம். ஏன், பதினோரு வருஷமாக ஒருத்தன் அதே வீட்டில் எத்தனையோ சொல்லியிருக்கிறானே, அதில் ஒன்றையாவது அந்த டாக்டரிடம் போய் ‘எங்க வீட்டுக்காரர் சொன்னாரு’ என்று சொல்லியிருப்பாளா? பிரஸ்காரன் சொல்வதைப் போய் டாக்டரிடம் எவள் சொல்வாள்.

காகிதம் இருக்கிறது. மடித்து மடித்து அடுக்கிய கைத்துடைக்கும் தாள், ஒரு பெட்டி நிறைய. வடிவின் சட்டப்படி அதுதான் உத்தமம். ஆனால் பெட்டி அந்த ஆளுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. எடுக்க வேண்டுமென்றால், ‘கொஞ்சம் நகருங்க டாக்டர்’ என்று கெஞ்ச வேண்டும். காலையில் மேடையில் நகர்ந்தானா அவன்? கண்ணுக்குத் தெரியாத ஒரு பொடியைக் கையில் பூசிவிட்டு, கழுவின பிறகு நீல விளக்கில் காட்டினால் சரியாகக் கழுவாத இடமெல்லாம் மின்னும், அதுதான் செய்முறை. பொடி பூசிக்கொண்டு, கழுவிக்கொண்டு வந்து நின்றாள் வடிவு. இந்த டாக்டர் விளக்கைப் பிடித்தான். பிடித்ததோடு விட்டானா? கூட்டத்துக்குத் தெரியட்டும் என்று அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிக் காட்டினான், இந்தக் கை, அப்புறம் அந்தக் கை. ஒரு புள்ளி மின்னவில்லை. நூற்றைம்பது பேர் கைதட்டினார்கள். கனிராஜும் தட்டினான், தட்டாமல் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்ஸ் ஹாஸ்டல் வார்டன் அம்மா என்ன நினைப்பாள். தட்டிக்கொண்டே அந்த டாக்டர் கை இருந்த நொடிகளை எண்ணினான், வலது மணிக்கட்டில் ஆறு, இடது மணிக்கட்டில் ஒன்பது. இடதில் எதற்கு மூன்று அதிகம்? வயிறு எரிந்தது அய்யா, சும்மா சொல்லக் கூடாது, சோற்றைப் பார்க்கப் பிடிக்காத அளவுக்கு எரிந்தது. அவள் முகத்தைப் பார்த்தான். அவள் இவனைத் தேடிக்கொண்டிருந்ததாகத்தான் தோன்றியது, கூட்டத்தில் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் திருடியும் அப்படித்தான் ஓட்டுவாள் என்று உள்ளே ஒன்று சொன்னது, முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த உள்ளே இருக்கிறவனுக்கு எட்டு மாதமாக வேறு வேலையே இல்லை.

இளம்பரிதி குழாயை மூடவில்லை. திறந்தபடியே விட்டுவிட்டுப் பெட்டியிலிருந்து ஒரே ஒரு தாளை உருவினான். கனிராஜ் கண்ணாடி வழியாகப் பார்த்தான், நேராகப் பார்க்கத்தான் கூச்சம், கண்ணாடிக்கு என்ன கூச்சம். தாளை இரண்டாக மடித்தான், மறுபடி ஒரு மடிப்பு, நான்காயிற்று. இடது கைச் சுண்டுவிரல் இடுக்கில் மடிப்பின் முனையைச் செருகி ஒரு இழுப்பு. அடுத்த இடுக்கு, ஒரு இழுப்பு. அடுத்தது. அப்புறம் கட்டைவிரலைத் தாளுக்குள் பொத்தி, எண்ணெய் பாட்டில் மூடியைத் திருகுகிற மாதிரி ஒரு திருகு. தாளை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டிப் போட்டான். அதே மாதிரி வலது கை. கடைசியில்தான் உள்ளங்கை. கனிராஜுக்கு முதுகில் ஜில்லென்று ஏறியது, ஈரத்தால் இல்லை. இது வடிவு. இது அப்படியே வடிவு! எட்டு மாதமாக வீட்டுக் குழாயடியில் அவள் செய்கிறது இதுதான், சுண்டுவிரலில் ஆரம்பித்து, கட்டைவிரலில் திருகி, துணியைப் புரட்டி. அதற்கு முன்னால் பத்து வருஷம் அவள் முந்தானையில் துடைத்துக்கொண்டவள். புதுசாக எங்கேயடா கற்றாள் என்று அவன் நினைத்ததுண்டு, ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பார்களாக்கும் என்று விட்டதும் உண்டு. ஆனால் சற்று முன்னால்தான் இதே இடத்தில் அந்த ஆஸ்பத்திரி மேனேஜர் ஒரு கத்தைத் தாளை உருவிக் கசக்கித் துடைத்துவிட்டுப் போனார். ஆக எல்லோரும் செய்வதில்லை. இவன் செய்கிறான், அவள் செய்கிறாள், இரண்டே பேர்.

ஒருத்தர் கைப்பழக்கம் இன்னொருத்தருக்கு எப்படி வரும்? அதை மட்டும் யோசிக்காதே என்று தனக்கே சொல்லிக்கொண்டான், சொன்ன மறுநிமிஷம் வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. அவனுடைய அப்பா செருமுவார், சாப்பிட உட்காரும் முன்னால் இரண்டு செருமல். அவர் போய்ச் சேர்ந்த பிறகு அம்மா அதே மாதிரி செரும ஆரம்பித்தாள், அதே இரண்டு. நாற்பது வருஷம் கூட இருந்தவளுக்கு வந்தது அது. எட்டு மாதத்தில் வருமா? வரும், ஆசை இருந்தால் எட்டு நாளில் வரும். பக்கத்தில் பக்கத்தில் நின்று கழுவியிருப்பார்கள், ஒரே குழாயில், இவன் துடைப்பதை அவள் பார்த்துக்கொண்டே நின்றிருப்பாள், ஒருத்தர் கையை அவ்வளவு நேரம் சும்மா யார் பார்ப்பார்கள். ஆடிக்கு முன்னால் ஒரு நாள் கனிராஜ் கடைக்குப் போய்ப் பட்டுப் போல ஒரு டர்க்கித் துண்டு வாங்கி வந்து குழாயடியில் தொங்கவிட்டான், மஞ்சள் பூப்போட்டது, உனக்குத்தான் என்று சொன்னான். அவள் தொட்டுப் பார்த்து, நல்லாருக்குங்க என்று சொல்லிவிட்டு, பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்து வைத்திருந்த சின்னத் துணியிலேயே துடைத்தாள், சுண்டுவிரல், திருகு, புரட்டு. ஏன், நான் வாங்கின துண்டு கடிக்குதோ என்று அவன் கத்தினான். இது மடிக்க வராதுங்க, ரொம்பத் தடி என்று அவள் சிரித்தாள். அன்று ராத்திரி முழுக்க அவன் பேசவில்லை, அவளும் ஏன் என்று கேட்கவில்லை, கேட்காததுதான் இன்னும் சந்தேகமாக இருந்தது. இந்த டாக்டருக்கு முப்பத்தைந்து இருக்குமா, கல்யாணம் ஆனவன்தான், பெண்டாட்டி மேடைக்கு முன்னால் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். ஆனால் என்ன, ஆனவன் செய்யாததா? கனிராஜ் தன் கையைப் பார்த்தான். இருபது வருஷம் ஆப்செட் மெஷினில் நின்ற கை, நகக்கண்ணில் நீலம் போகவே போகாது, இன்றைக்கும் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் வந்தான். அந்த ஆளுடைய நகம் பிறந்த குழந்தையுடையது மாதிரி இருந்தது. கிருமி தேடுகிறவளுக்கு எந்தக் கை பிடிக்கும்? இதற்குப் பதில் சொல்ல டாக்டர் வேண்டாம்.

அந்த நேரம் பார்த்து யாரோ பெரியவர் ஒருவர் உள்ளே வந்து, கையை அரைகுறையாக நனைத்துவிட்டு மெஷினுக்குள் விட்டார். அது உறுமிற்று. உறுமின உறுமலில் அவர் கைத்தண்ணீர் முழுக்கச் சாரலாகக் கனிராஜின் கன்னத்தில் அடித்தது. ‘முந்தி வந்தவன் கையில இருந்ததை அந்த மெஷின் நம்ம மூஞ்சில அப்பிவிட்டுரும்’, வடிவு சொன்னாளே! அவள் சொன்னது நடக்கும்போதும் கோபம் அவள் மேல்தான் வந்தது. பெரியவர் திருப்தியாகக் கையைப் பார்த்துவிட்டு, போகிற வழியில் தலைமயிரிலும் ஒருமுறை துடைத்துக்கொண்டு போனார். கதவு மூடிக்கொண்டது. இப்போது இரண்டே பேர். கேட்டுவிடு. முதல் வார்த்தை என்ன? ‘டாக்டர்’ என்று ஆரம்பித்தால் மரியாதை, ‘ஏங்க’ என்று ஆரம்பித்தால் பயம், ‘ஏய்’ என்று ஆரம்பிக்க ஆசைதான், வடிவின் வேலை நாளைக்கு என்ன ஆகும். ஆனாலும் கேட்காமல் திரும்பினால் இன்றைக்குப் பஸ்ஸில் அவள் பக்கத்தில் எப்படி உட்காருவது, நாளைக்கு அவள் கையால் காப்பி எப்படிக் குடிப்பது? இளம்பரிதி அந்தத் தாளாலேயே குழாயை மூடினான். திரும்பினான். கனிராஜின் தூக்கிப் பிடித்த ஈரக் கைகளைப் பார்த்தான். பார்த்துவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினான்.

“வடிவு சிஸ்டர் வீட்டுக்காரர்தானே சார்? கனிராஜ் சார்?”

“ஆமா.” கேட்க வந்ததில் இந்த ஒரு வார்த்தைதான் வெளியே வந்தது.

“உங்களப் பாக்கணும்னு எவ்ளோ நாளா நெனச்சிட்டிருக்கேன் தெரியுமா. துடைங்க சார். ப்ளீஸ். பாக்கணும்.”

என்னடா இது, நக்கலா? கனிராஜ் தாளை வாங்கவில்லை. “என்ன பாக்கணும்?”

“நீங்க துடைக்கிறத. நாங்க எல்லாம் காப்பிதானே சார், ஒரிஜினல் நீங்கதான!” அவன் சிரித்தான், பரீட்சை எழுதி முடித்த பையன் மாதிரி. “சிஸ்டர் கிளாஸ்ல முதல் நாளே சொல்லிருவாங்க. ‘எங்க வீட்டுக்காரர் பிரஸ்ல இருக்காரு, காலண்டர் சீசன்ல நான் சாப்பாடு கொண்டு போவேன், பனியன் வேஸ்ட் துணியை நாலா மடிச்சு மை துடைப்பாரு பாருங்க, சுண்டுவிரல் இடுக்குலருந்து ஆரம்பிப்பாரு, ஒரு விரல்தடம் பட்டாலும் அந்தத் தாள் வேஸ்ட். நீங்களும் கிருமியை மைன்னு நெனச்சுத் துடைங்க’ன்னு. புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கெல்லாம் இதுதான் சார் முதல் பாடம். என்னைய நாலு தடவை திருப்பிச் செய்ய வச்சாங்க, டாக்டர்னு கூடப் பாக்கல. கட்டைவிரல் திருகு எனக்கு வரவே இல்ல.”

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தன் கை கூடவா தெரியாது ஒருத்தனுக்கு? கனிராஜ் தாளை வாங்கினான். பனியன் வேஸ்ட். திருப்பூர் மூட்டையிலிருந்து ஒரு கிழிசலை உருவி, மண்ணெண்ணெய் தொட்டு, கண் முழுக்க மெஷினிலிருந்து விழுகிற தாளின் மேல் இருக்க, கை அது பாட்டுக்குத் துடைக்கும். இருபது வருஷத்தில் ஒரு நாளாவது அதைப் பார்த்திருக்கிறானா? எப்படித் துடைக்கிறோம் என்று யாராவது கேட்டிருந்தால், துணியால துடைக்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பான். அவள் பார்த்திருக்கிறாள். கல்யாணமான வருஷம், கேரியரைப் பிடித்துக்கொண்டு வாசலோரம் நிற்பாள், இந்தா வந்துட்டேன் என்று இவன் கத்துவான், அவள் பரவால்ல மெதுவா வாங்க என்பாள், கால் மணி நேரம் நிற்பாள். பேப்பர் தூசியில் எதற்கு நிற்கிறாள், உள்ளே உட்காரக் கூடாதா என்று அவனுக்கு எரிச்சல்கூட வரும். இந்த நினைப்பில் நெஞ்சு குளிர்ந்திருக்க வேண்டும், நியாயமாகப் பார்த்தால். ஒரு நொடி குளிரத்தான் செய்தது. அடுத்த நொடியே அந்த உள்ளே இருக்கிறவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். அப்படியானால் இந்த டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். இவனிடமும், புதுசாக வேலைக்கு வருகிற ஒவ்வொருத்தரிடமும், ஆயாக்களிடமும், ஆம்புலன்ஸ் டிரைவரிடமும் சொல்லியிருக்கிறாள். சாப்பாடு கொண்டு போனது, வாசலில் நின்றது, பார்த்தது, எல்லாம் ஊருக்கே தெரியும். பதினோரு வருஷத்தில் என்னிடம் ஒரு தடவை சொல்லியிருப்பாளா? முன்னே இந்த ஆள் ஒருத்தன் மேல்தான் பொறாமை, இப்போது மொத்த ஆஸ்பத்திரி மேலும். டாக்டர் காத்துக்கொண்டு நின்றான். கனிராஜ் தாளை இரண்டாக மடித்தான். மறுபடி மடித்தான். இடது கைச் சுண்டுவிரலா, வலதா? செருகினான், தாள் நழுவிற்று. கட்டைவிரலைத் திருகப் போனான், கிழிந்து ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. “தாள் மெல்லிசு, துணின்னா வரும்” என்றான். டாக்டர் ஆமாமா என்று தலையாட்டினான், ஆனாலும் அவன் முகத்தில் லேசாக ஒரு ஏமாற்றம் இருந்தது. தன் கையிலிருந்த தாளாலேயே கதவுக் கைப்பிடியைப் பிடித்துத் திறந்துவிட்டு, வாங்க சார் என்றான்.

வெளியே நடைபாதையில் வடிவு நின்றுகொண்டிருந்தாள், ஒரு கையில் விருதுக் கேடயம், இன்னொரு கையில் அவன் விட்டுவிட்டு வந்த பாயசம் கப்பில். டாக்டரைப் பார்த்து, “என்ன சார், அவரப் பாத்துட்டீங்களா” என்றாள். அவன் பாத்துட்டேன் சிஸ்டர் என்று சொல்லிவிட்டுப் பெண்டாட்டி பிள்ளையைத் தேடிப் போய்விட்டான். அவள் புடவையில் மஞ்சள் பூ, மேடையில் பார்த்தபோது கவனிக்கவில்லை. கனிராஜ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான், தாள் துணுக்கு ஒட்டின ஈரக் கை.

“பாயசத்த விட்டுட்டு எங்க போனீங்க? மூஞ்சி என்ன இப்படி இருக்கு?”

“அந்த டாக்டர்ட்ட எல்லாத்தையும் சொல்லியிருக்கியாமே.”

“எத?”

“நான் கை துடைக்கிறத.” குரலைத் தாழ்த்திக்கொண்டான், நடைபாதையில் ஆள் நடமாட்டம் வேறு. “ஊருக்கே சொல்லியிருக்க. பாடம் நடத்தியிருக்க. எவன் எவனோ செய்றான். எனக்கு மட்டும் தெரியாது. எட்டு மாசமா நான் என்ன பாடு பட்டிருக்கேன் தெரியுமா? என்கிட்ட ஏன் சொல்லல நீ?”

என்ன பாடு என்று அவள் கேட்கவில்லை. மஞ்சள் துண்டும், பேசாத ராத்திரியும், காலையில் மேடையிலிருந்து தேடியபோது இவன் முகம் திருப்பிக்கொண்டதும் ஒவ்வொன்றாக அவளுக்கு விளங்கிக்கொண்டிருந்தது, அது அவள் முகத்தில் தெரிந்தது. அட கூறுகெட்ட மனுஷா என்று சொல்லப் போகிறாள் என்றுதான் கனிராஜ் நினைத்தான்.

“சொன்னா, அதுக்கப்புறம் நெனச்சு நெனச்சுத் துடைப்பீங்க” என்றாள். “எனக்குப் பாக்கப் பிடிச்சதே நீங்க நெனைக்காம செய்றதுதாங்க. அது போயிரும்னுதான் சொல்லல.”

கனிராஜ் பின்னாலிருந்து கையை எடுத்தான். பாயசத்தை வாங்க நீட்டிய அந்தக் கையை அவளும் பார்த்தாள், அவனும் பார்த்தான், இரண்டு பேருமே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது எங்கே போவதென்று தெரியாமல் நடுவில் நின்றது.